குண்டில்லாத ரைபிளும் முன்பல்லை எடுத்துவிடும்

ஆகஸ்ட் 15 நெருங்கினால், கும்பகோணத்தில் இருக்கும் என் பல் கிளினிக்குக்கு அணிவகுப்புப் பயிற்சியில் அடிபட்ட பிள்ளைகள் வர ஆரம்பித்துவிடுகிறார்கள். போன வாரம் பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த பையனுக்கு மேல் முன்பல் ஒன்று வேரோடு கழன்றிருந்தது. ரைபிள் சுழற்றிப் பழகினானாம். இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எல்லாம் போனில் பார்க்கும் வீடியோதான். அமெரிக்க மரைன் படையின் சைலன்ட் டிரில் பிளாட்டூனில் 24 பேர், வாய்க்கட்டளையே இல்லாமல், கத்தி மாட்டிய எம்1 கேரண்ட் ரைபிளைச் சுழற்றி வீசிப் பிடிப்பார்கள். நம் விமானப் படையிலும் ஏர் வாரியர் டிரில் டீம் இருக்கிறது. அத்தனை கைகளும் ஒரே நொடியில் ரைபிள் கட்டையில் படும் சத்தம் கேட்டால் எனக்கும் உடம்பு சிலிர்க்கும். பிள்ளைகள் அதில் மயங்குவதில் தப்பே இல்லை.

ஆனால் கூட வரும் அப்பா அம்மா சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை: "அதுல குண்டே இல்லையே டாக்டர், அதான் விட்டுட்டோம்." ஐயா, குண்டில்லாத கேரண்ட் ரைபிளே நாலு கிலோவுக்கு மேல். பல்லை உடைக்கக் குண்டு எதற்கு? பட்டறையில் பலகையும் இரும்புக் குழாயும் வைத்துச் செய்து வாங்கும் டம்மிக்கும் கனம் உண்டு. சுழன்று வரும் நுனிக்கு அது நிஜத் துப்பாக்கியா, பொம்மையா என்று தெரியாது. உதடு கிழியும், பல் உடையும், சில நேரம் தாடை எலும்பே விரிசல் விடும்.

"சிலம்பம் சுத்துறவன் சார், இதெல்லாம் சும்மா" என்பான் பையன். சிலம்பக் கம்பு ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும், நடுவில் பிடித்தால் நிற்கும். ரைபிளின் கனமோ பின்கட்டைப் பக்கம் கூடுதல். நடு என்று கண் நினைக்கும் இடம் வேறு, அது சுழலும் இடம் வேறு. கை கொஞ்சம் பிந்தினால் கட்டை நேராக முகவாய்க்கு வரும். என்.சி.சி.யில் சலாமி சஸ்த்ர் (ரைபிளை முன்னால் பிடித்துச் செய்யும் மரியாதை) எல்லாம் சொல்லிக்கொடுப்பார்கள், வீசிப் பிடிப்பது அந்தப் பாடத்திலேயே கிடையாது. பயிற்சி கொடுக்கும் ராணுவ ஆட்களான பி.ஐ. ஸ்டாஃப் இல்லாத நேரத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி நடப்பதுதான் இவ்வளவும்.

செய்தே தீருவேன் என்பவன் பழக்கிவிடத் தெரிந்தவரிடம் போகட்டும். சிமென்ட் தரை வேண்டாம், புல்தரையில் பழகு. பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது. வாய்க்குள் மவுத் கார்டு, அதாவது பல்லின் மேல் மாட்டும் காப்பு உறை, கட்டாயம். அளவெடுத்துச் செய்து தருவோம், விளையாட்டுச் சாமான் கடையிலும் கிடைக்கும். கத்தி மாதிரி எதையும் முனையில் கட்டாதே.

அப்படியும் பல் விழுந்துவிட்டால்? அடிபட்டவன் மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ முதலில் பெரிய ஆஸ்பத்திரி, பல் அப்புறம். இல்லையென்றால் பல்லைத் தேடி எடுங்கள். வேரைத் தொடாமல், வெள்ளைப் பகுதியைப் பிடித்துத் தூக்குங்கள். மண் இருந்தால் பாலிலோ தண்ணீரிலோ ஒரு அலசு, அவ்வளவுதான். தேய்க்காதீர்கள், சோப்பு போடாதீர்கள், தயவுசெய்து கைக்குட்டையில் மடித்துக் கொண்டு வராதீர்கள். காய்ந்தால் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் செத்துவிடும். முடிந்தால் அந்தக் குழியிலேயே வைத்து, துணியை மெல்லக் கடித்துக்கொண்டு வரலாம். இது நிலைப்பல்லுக்கு மட்டும், பால்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது. பயமாக இருந்தால் பக்கத்து டீக்கடையில் ஆறிய பால் கேட்டு வாங்கி அதில் போடுங்கள், சூடான பால் வேண்டாம். உடைந்த துண்டு கிடைத்தாலும் கொண்டு வாருங்கள், ஒட்ட முடியும்.

அரை மணிக்குள் வந்தால் அந்தப் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு மணி தாண்டத் தாண்டக் குறைந்துகொண்டே போகும். ராத்திரியாகிவிட்டதே, காலையில் பார்ப்போம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.