சனிக்கிழமை கூலி எங்கே தருவார்கள்?

குடிநோய் சிகிச்சை முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும் அன்று குடும்பத்தார் முதலில் கேட்பது, "எப்ப சார் வேலைக்கு அனுப்பலாம்?" நான் திருப்பிக் கேட்பது, கூலி எந்தக் கிழமை, எந்த இடத்தில், யார் கையால் என்று. என்ன இவர் சம்பந்தமில்லாமல் கேட்கிறாரே என்று பார்ப்பார்கள். குடிநோயிலிருந்து மீள்கிறவருக்கு, நான் பார்த்தவரை, சனிக்கிழமை சாயங்காலம்தான் பெரிய கண்டம். மேஸ்திரி கூலி பட்டுவாடா செய்கிற இடத்துக்கும் டாஸ்மாக்குக்கும் நடுவில் சில சமயம் ஒரு டீக்கடைதான் இருக்கும், கூட வேலை பார்த்தவர்கள் பாதிப்பேர் அங்கேதான் போவார்கள்.

மரத்துக்கு பாலிஷ் போடும் ஒருவர் சிகிச்சை முடித்து டைசல்பிராம் மாத்திரையோடு வீட்டுக்குப் போனார். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்கும். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்தே, மருத்துவர் கண்காணிப்பில்தான் தர வேண்டும். சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா என்று கேட்கிற வீட்டார் இன்னும் இருக்கிறார்கள், அது உயிருக்கே ஆபத்து. பத்தாம் நாள் வந்து, "சத்தியமா குடிக்கல சார், ஆனா மூஞ்சியெல்லாம் எரியுது" என்றார். மனைவி நம்பவில்லை. விசாரித்தால், ஜன்னல் சாத்திய அறையில் நாள் முழுக்க ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணியில் தோய்த்துத் தேய்த்திருக்கிறார். ஸ்பிரிட்டும் ஆல்கஹால்தான், அந்த ஆவியே சிலருக்குப் போதும். தப்பு எங்களுடையது. என்ன வேலை என்று கேட்டோமே தவிர, கை எதைத் தொடுகிறது என்று கேட்கவில்லை.

அப்புறம் அவர் சம்மதத்தோடு மேஸ்திரியிடம் பேசினோம். பாலிஷை விட்டு உப்புத்தாள் தேய்க்கிற வேலை, கூலி திங்கட்கிழமை வங்கிக் கணக்கில். கொஞ்சம் குறைவுதான். மொத்தப் பணத்தையும் மனைவியே வாங்கி வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை, வளர்ந்த ஆளை டீக்கும் பஸ்ஸுக்கும் கை நீட்ட வைத்தால் அந்த ரோஷமே ஒருநாள் கடைக்கு இழுத்துப் போகும்.

முதலாளியிடம் எல்லாம் சொல்லணுமா? கட்டாயமில்லை. 2017 மனநல பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப்பொருள் சார்ந்த மனநலப் பாதிப்புகளும் அடக்கம், சிகிச்சை விவரம் ரகசியம். "உடம்பு சரியில்லை, சிகிச்சை எடுத்தேன், இப்போ சரி" என்றால் போதும். ஆனால் தூக்கம் சரியாகாமல், கை நடுங்குகிற முதல் சில வாரங்களில் சாரம் ஏறுவதோ லாரி ஓட்டுவதோ கூடவே கூடாது, அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தடுமாறினால் போதை மீட்பு உதவி எண் 14446க்குக் கூப்பிடலாம், இலவசம்.

பாலிஷ்காரர் இப்போதும் சனிக்கிழமை ஆறு மணிக்கு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். போன வாரம் வரவில்லை. ஏழு மணிவரை பொறுத்து நானே கூப்பிட்டேன்; பேரன் போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தானாம்.