ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் வேதியியல்: தண்ணீரின் அளவும் மருந்துதான்

பேதியில் உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கான பாக்கெட் வாங்க வருகிறவர்களிடம் ஒரு மருந்தாளுநராக நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எவ்வளவு தண்ணியில கலப்பீங்க?" "ஒரு டம்ளர்ல சார்" என்பதுதான் அடிக்கடி வரும் பதில். அவர்கள் கையில் இருப்பதோ ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட். பொடிதான் மருந்து, தண்ணீர் அதை உள்ளே இறக்க மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் சரியான அளவில் சேர்ந்த கரைசல்தான் மருந்து. அளவு மாறினால் அதே பொடி குழந்தைக்குக் கெடுதல் செய்யும். ஏன் அப்படி என்று புரிந்துகொள்ளப் பள்ளிக்கூட வேதியியலே போதும்.

உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி ஒரு லிட்டர் பாக்கெட்டில் நான்கு பொருள்கள் இருக்கும். சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு, 2.6 கிராம். குளுக்கோஸ் 13.5 கிராம். பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம்.

முதலில் உப்பு. சோடியம் அணு தன் வெளிக்கூட்டில் இருக்கும் ஒரே எலக்ட்ரானைக் கொடுத்துவிடும்; குளோரின் அணு அதை வாங்கிக்கொள்ளும். கொடுத்தது நேர்மின்சுமை கொண்ட சோடியம் அயனி, வாங்கியது எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு அயனி. எதிரெதிர்ச் சுமைகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதுதான் அயனிப் பிணைப்பு. உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரைடுகள் சூழ்ந்திருக்கும், ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியங்கள் சூழ்ந்திருக்கும். இந்தப் பிடியைச் சூட்டால் தளர்த்தி உப்பை உருக்க வேண்டுமென்றால் 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் சாதாரணப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் சிறிது நேரத்தில் கரைந்து காணாமல் போகிறது. எப்படி?

தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இது சகப்பிணைப்பு. ஆனால் பங்கு சமமாக இல்லை. ஆக்சிஜன் தன் பக்கம் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். அதனால் ஆக்சிஜன் முனையில் லேசான எதிர்மின்சுமையும், ஹைட்ரஜன் முனைகளில் லேசான நேர்மின்சுமையும் நிற்கும். உப்பைத் தண்ணீரில் போட்டதும் ஆக்சிஜன் முனைகள் சோடியத்தைச் சூழ்ந்துகொள்கின்றன, ஹைட்ரஜன் முனைகள் குளோரைடைச் சூழ்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு அயனியாகப் படிகத்திலிருந்து பிரித்துத் தண்ணீருக்குள் கொண்டுபோய்விடுகின்றன. உப்பு கரைந்த பிறகு அந்தத் தண்ணீரில் "உப்பு மூலக்கூறு" என்று எதுவும் மிதப்பதில்லை. தனித்தனி சோடியம், தனித்தனி குளோரைடு, அவ்வளவுதான்.

குளுக்கோஸ் கரையும் விதம் வேறு. அதன் 24 அணுக்களும் சகப்பிணைப்பால் ஒரே மூலக்கூறாகக் கட்டப்பட்டவை. தண்ணீர் அந்தக் கட்டை உடைப்பதில்லை. குளுக்கோஸில் ஐந்து ஓ.எச். தொகுதிகள் இருக்கின்றன, தண்ணீர் அவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்படுத்திக்கொண்டு, முழு மூலக்கூறையும் அப்படியே தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. ஆக, கரைந்தபின் ஓர் உப்பு அலகு இரண்டு துகள்களாகிறது, ஒரு குளுக்கோஸ் ஒரே துகளாக நிற்கிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்குக்கு வேண்டும்.

அதற்கு முன் ஒரு நடைமுறை விஷயம். பாக்கெட்டில் இருக்கும் பொடி வெறும் கலவை. போக்குவரத்தில் குலுங்கி, ஒரு மூலையில் உப்பும் இன்னொரு மூலையில் குளுக்கோஸும் கூடுதலாக ஒதுங்கியிருக்கலாம். கரைசல் அப்படியில்லை. முழுக்கக் கரைந்துவிட்டால் மேலே எடுத்த கரண்டியிலும் அடியில் எடுத்த கரண்டியிலும் ஒரே விகிதம்தான் இருக்கும்; எவ்வளவு நேரம் வைத்தாலும் அடியில் படியாது. அதனால்தான் "பாதிப் பொடியை இப்போ, மீதியை அப்புறம்" என்பது தவறு. பொடியைப் பிரிக்காதீர்கள், முழுவதையும் கரைத்துவிட்டு, கரைசலைப் பிரித்துக் கொடுங்கள். அடியில் ஏதாவது தங்கியிருந்தால் கலக்கியது போதவில்லை என்று பொருள். 100 மில்லி தண்ணீர் ஏறக்குறைய 36 கிராம் உப்பைக் கரைக்கும். ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் என்பது தெவிட்டும் நிலைக்கு வெகு கீழே. வெந்நீர்கூட வேண்டாம், நன்றாகக் கலக்கினால் போதும்.

இப்போது கணக்கு. வேதியியலில் கிராமைவிடத் துகள்களின் எண்ணிக்கைதான் முக்கியம். அதை அளக்கும் அலகுதான் மோல். குளுக்கோஸில் ஒரு மோல் 180 கிராம், சமையல் உப்பில் 58.5 கிராம். 13.5 கிராம் குளுக்கோஸை 180-ஆல் வகுத்தால் 0.075 மோல், அதாவது 75 மில்லிமோல். சோடியம், உப்பிலிருந்தும் சிட்ரேட்டிலிருந்தும் சேர்ந்து, அதுவும் 75. குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10. கூட்டினால் லிட்டருக்கு 245. சோடியமும் குளுக்கோஸும் சம எண்ணிக்கையில் இருப்பதைக் கவனித்தீர்களா? தற்செயலாக அமைந்த எண்கள் இல்லை இவை.

நம் ரத்தத்தில் இந்தத் துகள் கணக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 280 முதல் 295 வரை இருக்கும். குடல் சுவரின் ஒரு பக்கம் துகள்கள் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால், தண்ணீர் குறைவான பக்கத்திலிருந்து அதிகமான பக்கத்துக்கு நகரும். சவ்வூடு பரவல் என்று படித்திருப்பீர்கள். மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்குமே, அதுவும் இதேதான். 245 என்பது ரத்தத்தைவிடச் சற்றுக் குறைவு. அதனால் தண்ணீர் குடலிலிருந்து உடலுக்குள் போக வழி எளிதாகிறது.

ஒரு லிட்டர் பாக்கெட்டை 200 மில்லி டம்ளரில் கொட்டினால் என்ன ஆகும்? எல்லாம் ஐந்து மடங்கு. 245 என்பது 1,225 ஆகிவிடும். இது கடல் நீரின் துகள் கணக்கையே தாண்டுகிறது. சோடியம் மட்டும் 375. ரத்தத்தில் இருக்க வேண்டியது 135 முதல் 145. தண்ணீர் உடலுக்குள் போவதற்குப் பதிலாக, உடலிலிருந்து குடலுக்குள் இழுக்கப்படும். பேதி கூடும், ஏற்கனவே வறண்ட குழந்தை இன்னும் வறளும். ரத்தத்தில் சோடியம் ஏறிப்போனால் வலிப்பு வரலாம். மாறாக, பொடியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினால், இழந்த உப்பு திரும்பக் கிடைக்காமல் ரத்தத்தில் சோடியம் தாழ்ந்துபோகும், அதுவும் ஆபத்துதான்.

200 மில்லிக்கான சிறிய பாக்கெட்டும் கடைகளில் கிடைக்கிறது. அதில் இருப்பது 4 கிராம் சொச்சம்தான். இரண்டும் ஒரே மாதிரி தெரிவதால்தான் இவ்வளவு குழப்பம். எத்தனை மில்லிக்கு என்று பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுப் பிரியுங்கள். வீட்டு டம்ளர், சொம்பின் கொள்ளளவு வீட்டுக்கு வீடு மாறும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி அளவுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு பழக்கமும் உண்டு. உப்புக் கரிக்கிறது, பிள்ளை குடிக்க மாட்டேன் என்கிறது என்று அன்போடு இரண்டு ஸ்பூன் சர்க்கரை சேர்ப்பார்கள். 200 மில்லியில் 10 கிராம் சர்க்கரை சேர்ந்தால் 245 என்பது ஏறக்குறைய 390 ஆகும். சர்க்கரை குடலில் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடையும். அப்போது 540-ஐத் தொடும். வேண்டாம். பாலிலோ ஜூஸிலோ கலப்பதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கச் சொல்கிறோம்.

"அப்படியென்றால் வெறும் உப்புத் தண்ணீர் போதாதா? குளுக்கோஸ் எதற்கு, தெம்புக்கா?" என்று கேட்பவர்கள் உண்டு. தெம்புக்காக இல்லை. குடல் சுவரில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே எடுத்துச் செல்லும். அவை போகும் வழியே தண்ணீரும் பின்தொடரும். இந்த இணைக் கடத்தலை ராபர்ட் கிரேன் 1960-இல் விளக்கினார். காலரா நச்சு குடலைப் பாடாய்ப்படுத்தும்போதும் இந்த ஒரு பாதை கெடாமல் வேலை செய்கிறது என்பதுதான் பெரிய செய்தி.

அதன் பலனை உலகம் பார்த்தது 1971-இல். வங்கதேச விடுதலைப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். எல்லையோர ஊரான பன்காவ் முகாமில் காலரா. நரம்பு வழி ஏற்றும் சலைன் போதவில்லை. அங்கே பொறுப்பிலிருந்த மருத்துவர் திலீப் மஹலனோபிஸ், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து, வாய்வழியே குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. அவர் 2022-இல் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு பத்ம விபூஷண் அறிவித்தது. இன்னும் நிறையப் பேருக்குத் தெரிய வேண்டிய பெயர் அது.

சோடா பின்னர் சிட்ரேட்டாக மாறியது, பாக்கெட் கெடாமல் நாள்பட இருப்பதற்காக. பழைய சூத்திரத்தில் துகள் கணக்கு 311. அதைக் குறைத்தால் பேதியின் அளவும் வாந்தியும் குறைகின்றன என்று ஆய்வுகளில் தெரியவந்ததும், 2002-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 245-க்கு மாற்றின. 66 எண்ணைக் குறைப்பதற்கே இத்தனை ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நம் வீட்டில் ஒரு டம்ளரில் அதை 1,225 ஆக்கிவிடுகிறோம்.

அட்டைப்பெட்டியில் வரும் இனிப்பு பானங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல வருடங்கள் "ஓ.ஆர்.எஸ்." என்ற எழுத்துகளைப் பெயரில் சேர்த்துக்கொண்டு சில பானங்கள் விற்கப்பட்டன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில், உணவுப் பொருள்களின் பெயரிலோ லேபிளிலோ அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. எனக்கு மிகவும் நிம்மதி தந்த உத்தரவு. நீங்களே சோதித்துப் பார்க்க ஓர் எண் போதும்: உண்மையான ஓ.ஆர்.எஸ். கரைசலில் 100 மில்லிக்கு 1.35 கிராம் குளுக்கோஸ். குளிர்பானங்களில் சர்க்கரை 10 கிராமை ஒட்டி இருக்கும். வெறும் குளுக்கோஸ் பவுடரில் சோடியம் போதாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. குடிக்கலாம், ஆனால் ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு மாற்றாகக் கொள்ள முடியாது.

இரவு நேரத்தில் பாக்கெட் கிடைக்கவில்லை என்றால்? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில், தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. தேக்கரண்டி என்றால் 5 மில்லி பிடிப்பது. ஆறு கரண்டிச் சர்க்கரை சுமார் 25 கிராம். சர்க்கரையின் ஒரு மோல் 342 கிராம் என்பதால் அது உடைந்து கிடைக்கும் குளுக்கோஸ் 73 மில்லிமோல். பாக்கெட்டின் 75-க்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள்! உப்பு பொடியுப்பாக இருக்கட்டும். கல்லுப்பில் இடைவெளி இருப்பதால் கரண்டி அளவு ஏமாற்றும். இதில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் இல்லை, பாக்கெட் கிடைத்ததும் அதற்கு மாறிவிடுங்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலி. சங்கிலியாக இருக்கும்வரை ஒரே துகள். செரிக்கச் செரிக்கத்தான் குளுக்கோஸ் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 1980களில் வீடு வீடாகப் போய், மூன்று விரல் பிடி உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீரில் கலக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. சொல்லிவிட்டு மட்டும் வரவில்லை, அவர்களையே கலக்கவைத்துப் பார்த்தார்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைப்பதென்றால் கலப்பதற்கு முன்பே கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். கலந்தபின் கொதிக்கவைத்தால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, செறிவு ஏறிவிடும். கலந்த கரைசலை மூடிவைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். குளுக்கோஸ் கிருமிகளுக்கும் உணவு, மீதத்தைக் கொட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக, இரண்டு மூன்று நிமிட இடைவெளியில் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை தினம் 20 மில்லிகிராம் வீதம் 14 நாள், பேதி நின்ற பிறகும் தொடர வேண்டும். அதைவிடச் சிறிய குழந்தைக்கான அளவை மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தை குடிக்க முடியாமல் துவண்டுபோனாலோ, கண் குழிந்து போனாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பினாலோ, சிறுநீர் போகவில்லை, மலத்தில் ரத்தம் என்றாலோ, ஓ.ஆர்.எஸ்.ஸை வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்; குடிக்க முடிகிற குழந்தை என்றால் போகும் வழியிலும் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.