வெயிலைத் தாங்கும் செடி, கார்த்திகையைத் தாங்குமா?

புதுச்சேரியில் கல் தோட்டம் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வருகிறார்கள். புல்தரை காய்ந்து கிடக்கும், போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். "தண்ணியே ஊத்த வேணாமாமே, அந்தச் செடி வைங்க" என்பார்கள். வைத்துக் கொடுப்பேன். டிசம்பரில் அதே வீட்டிலிருந்து போன் வரும்.

தொழிலுக்கு வந்த புதிதில் பாகூர் பக்கம் ஒரு வீட்டில் தரையை ஒரு அடி தோண்டி, கருங்கல் அடுக்கி, இடையிடையே பாலைவன ரோஜா எனப்படும் அடீனியமும் முள் யூபோர்பியாவும் நட்டேன். கத்திரி வெயிலில் பூத்துத் தள்ளியது. ஐப்பசி மழை ஓய்ந்து போய்ப் பார்த்தால், அடீனியத்தின் அடிக்கிழங்கு அழுகிய வாழைப்பழம்போல விரலுக்குள் நசுங்கியது. "வெயில்ல செத்தா புரியுது தம்பி, மழையில எப்படிச் சாகும்?" என்று அந்த அம்மா கேட்டார். தப்பு என்னுடையதுதான். வயல் களிமண்ணில் தொட்டி மாதிரி ஒரு பள்ளம் வெட்டி, செடிகளை அதில் ஊறப்போட்டிருக்கிறேன்.

அடீனியம் சகாராவின் தெற்கு ஓரத்திலும் அரேபியாவிலும் வளர்வது. நாம் வாசலில் வைக்கும் முள் யூபோர்பியா மடகாஸ்கர்க்காரி. ரீயூனியன் தீவின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த மிலியுஸ் 1821-இல் பிரான்சுக்குக் கொண்டுபோனதால் அதன் அறிவியல் பெயரில் அவர் ஒட்டிக்கொண்டார். இவை எல்லாம் பல மாதம் காய்ந்து கிடக்கப் பழகியவை. நம்மூரிலோ ஆண்டுக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டிய மழை. வேரைச் சுற்றித் தண்ணீர் நின்றால் காற்று போகாது, வேர் மூச்சுத் திணறும், பூஞ்சாணம் உள்ளே நுழையும். சதைக்குள் தண்ணீரைச் சேர்த்துவைத்திருக்கும் செடிக்கு இது இன்னும் வேகமாக நடக்கும்.

அதனால் இப்போதெல்லாம் செடியைப் பற்றிப் பேசும் முன் ஒரு குழி. ஒரு அடி ஆழம் வெட்டித் தண்ணீர் நிரப்புவேன். லாஸ்பேட்டை, காலாப்பட்டு செம்மண் மேட்டில் பெரும்பாலும் சீக்கிரம் உறிஞ்சிவிடும். பாகூர் களியில் மறுநாள் காலையிலும் தவளை குதிக்கும். எந்த மண்ணானாலும் நான் கீழே தோண்டுவதில்லை, மேலே எழுப்புகிறேன். அடியில் உடைந்த செங்கல்லும் முக்கால் இன்ச் ஜல்லியும், அதன்மேல் ஒன்றரை அடிக்குக் கலவை: செம்மண் ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணலும் சிறு ஜல்லியும் சேர்த்து இரண்டு பங்கு, மக்கிய இலை அரைப் பங்கு. எம்-சாண்ட் என்றால் தூளைச் சலித்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிமெண்ட் பூசியதுபோல் இறுகிவிடும். பீச்சில் அள்ளிய மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. கற்களை மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் புதைத்து, மேல்பக்கம் சற்றே வெளியே சாயும்படி வையுங்கள். மேலே உட்காரவைத்த கல் முதல் பெருமழையில் உருளும்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. நர்சரியில் வாங்கும் செடி பெரும்பாலும் தேங்காய் நார்த்தூளில்தான் வரும். அதை அப்படியே மேட்டில் வைத்தால், சுற்றிலும் ஜல்லி காய்ந்திருக்கும், வேர்ப் பந்து மட்டும் ஈரப் பஞ்சாக நிற்கும். நார்த்தூளை உதிர்த்து, வேரை அலசி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்திவிட்டு நடுங்கள். நடுவதற்குத் தை, மாசி நல்ல காலம். அடுத்த மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

மேட்டின் உச்சி அடீனியத்துக்கு, சரிவு யூபோர்பியாவுக்கு. கடலோர வீடுகளில் உப்புக் காற்றையும் யூபோர்பியா பொறுத்துக்கொள்கிறது. விளிம்பில் டேபிள் ரோஸ். நம் பருப்புக்கீரைக்கு அது ஒன்றுவிட்ட தங்கை. மழையில் அழுகினாலும் கவலையில்லை, நாலு நுனியைக் கிள்ளித் திண்ணையில் தொட்டியில் வைத்திருந்தால் போதும். கொத்துக் கொத்தாகப் பூக்கும் கலஞ்சோ, நீண்ட இரவு வந்தால்தான் மொட்டு விடும். தெருவிளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று என்னைத் திட்டாதீர்கள்.

போனில் படம் காட்டி செம்பர்விவம், லூவிசியா கேட்பவர்களும் உண்டு. ஒன்று ஐரோப்பிய மலைகளில் வளர்வது, மற்றது வட அமெரிக்காவின் மேற்குப் பக்கம். சதைப்பற்றுச் செடிகள் பல பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்கின்றன. இந்த இரண்டும் குளிர்ந்த இரவுக்குப் பழகியவை. நம் மே மாத இரவு 27 டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கும், புழுக்கம் வேறு. பணத்தை வீணாக்காதீர்கள். கள்ளியின் தலையில் ஒட்டுப் பசையில் காய்ந்த பூவைச் செருகி விற்பதையும் பார்த்திருக்கிறேன், ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.

அந்த மலைச்செடிகளுக்குப் பதிலாக நம்மூர்ச் செடியைப் பாருங்கள். கள்ளிமுளையான் நம் வறண்ட பாறைக்காடுகளில் புதருக்கடியில் தானாக வளர்வது. கல் இடுக்கில் அரை நிழலில் வைத்தால் நட்சத்திரம்போல் சின்னப் பூ விடும். மலையில் போய்ப் பிடுங்காதீர்கள், வளர்ப்பவரிடம் ஒரு துண்டு வாங்கினாலே வேர்விடும். கல் மேல் படர பிரண்டை இருக்கவே இருக்கிறது. தாழ்ந்த, உப்பேறிய மூலைக்கு செசுவியம், பிச்சாவரத்துச் சதுப்பு ஓரங்களில் இளஞ்சிவப்புப் பூவுடன் படர்ந்து கிடக்குமே, அதேதான்.

அடீனியம், யூபோர்பியா இரண்டின் பாலும் விஷம். யூபோர்பியா பால் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். குழந்தைகள் ஓடியாடும் பக்கம் இவை வேண்டாம். கல்லின் குழிகளில் மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும். அந்தக் குழிகளை மணல் போட்டு நிரப்பிவிடுங்கள்.

புரட்டாசி பாதியிலேயே தண்ணீரை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை அடீனியக் கிழங்கை அழுத்திப் பாருங்கள். ஓரிடம் மட்டும் குழைந்தால் காத்திருக்காமல் பிடுங்கி, வெள்ளைச் சதை தெரியும்வரை சுத்தமான கத்தியால் சீவுங்கள், கையில் உறையோடு. பூஞ்சாணக்கொல்லித் தூளைத் தடவி, காற்றோடும் நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெட்டு நன்றாகக் காய்ந்த பிறகு தையில் மறுபடி நடலாம். என் கொட்டகையில் இப்போதும் நாலு தொங்குகிறது.