கென்யா–உகாண்டா எல்லையில் ஓர் இலவசச் சீட்டு: சிறு வியாபாரிகளுக்கான சுங்கச் சலுகை எப்படி நடக்கிறது?

கென்யாவில் ஒரு புசியா இருக்கிறது; உகாண்டாவிலும் ஒரு புசியா இருக்கிறது. இரண்டும் ஒட்டிய ஊர்கள். நடுவில் ஓடுவது நாட்டு எல்லை. இரண்டு பக்கமும் சாமியா, தேசோ மக்களே வாழ்கிறார்கள். அக்கா ஒரு நாட்டிலும் தங்கை இன்னொரு நாட்டிலும் வாக்கப்பட்டிருப்பது அங்கே புதுச் செய்தி இல்லை. 1902இல் ஆங்கிலேய அரசு உகாண்டாவின் கிழக்கு மாகாணத்தை எடுத்து, இன்று கென்யா என்கிறோமே, அந்தப் பகுதியோடு சேர்த்தது. அப்போது மேற்கே நகர்ந்து வந்த கோடுதான் இது. சந்தைக்குப் போகிறவர்கள் அதற்காக வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை.

உகாண்டாவிலிருந்து மக்காச்சோளம், பீன்ஸ், முட்டை, மடோக்கே என்கிற சமையல் வாழைக்காய் வருகின்றன. கென்யாவிலிருந்து சோப்பு, சமையல் எண்ணெய், பிளாஸ்டிக் சாமான்கள் போகின்றன. கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க வாடகை பைக்குக்கு 'போடா போடா' என்று பெயர். நம் காதுக்கு வசவு மாதிரி கேட்கும். ஆனால் அது 'பார்டர் பார்டர்' என்பதன் திரிபு. 1960, 70களில் இந்த எல்லையில்தான், சைக்கிளின் பின்சீட்டில் ஆளையும் மூட்டையையும் ஏற்றி, ஒரு சாவடியிலிருந்து மறு சாவடிக்குக் கொண்டுவிட்டவர்கள் அப்படிக் கூவி ஆள் பிடித்தார்கள்.

இரு நாட்டு வணிகம் என்றதும் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்திலிருந்து உகாண்டாத் தலைநகர் கம்பாலாவுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள்தான் நினைவுக்கு வரும். அந்த லாரிக்காரர்களுக்கு ஏஜென்ட் உண்டு, கணக்குப்பிள்ளை உண்டு. பத்து மூட்டை மக்காச்சோளத்தோடு நிற்கும் வியாபாரிக்கு யார் உண்டு? பெரும்பாலும் பெண்கள்தான் இந்த வியாபாரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்காக வந்த சீட்டுதான் 'எளிய பிறப்பிடச் சான்று': சரக்கு எந்த நாட்டில் உண்டானது என்று சொல்லும் தாள்.

சீட்டு ஏன் தேவைப்பட்டது

கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் சேர்ந்து 2005 ஜனவரி 1 முதல் சுங்க ஒன்றியம் ஆயின. கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் என்கிற அந்தக் கூட்டமைப்பில் இன்று எட்டு நாடுகள். விதி சுருக்கமானது: உறுப்பு நாட்டில் விளைந்த பொருள் இன்னொரு உறுப்பு நாட்டுக்குள் போனால் சுங்க வரி கிடையாது. வெளியிலிருந்து வந்தால் எல்லோரும் ஒரே விகிதத்தில் வரி போடுவார்கள். வெளிநாட்டு மக்காச்சோளத்துக்கு அந்த விகிதம் 50 சதவீதம். ஆக, உங்கள் மூட்டையில் இருப்பது உகாண்டாச் சோளம்தானா, வேறெங்கிருந்தோ வந்ததா என்பதில்தான் பாதி விலை தொங்குகிறது.

அதை நிரூபிக்கப் பிறப்பிடச் சான்று வேண்டும். முறையான சான்று என்றால் விண்ணப்பம், சுங்கப் பதிவு, சுங்க வேலையை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட், அவருக்குக் கூலி என்று போகும். பத்து மூட்டைக்கு இதைச் செய்தால் லாபம் ஏஜென்டுக்கே சரியாகிவிடும். வரி இல்லை என்ற உரிமை ஏட்டில் இருந்தது, கைக்கு வரவில்லை. அந்த இடைவெளியை அடைக்க, 2007இல் எல்லையிலேயே, ஏஜென்ட் இல்லாமல், காசில்லாமல் வாங்கக்கூடிய ஒரே தாள் சான்றைக் கொண்டுவந்தார்கள்.

யாருக்கு, எதற்கு, எவ்வளவுக்கு

மூன்று நிபந்தனைகள். சரக்கு உறுப்பு நாட்டில் உண்டானதாக இருக்க வேண்டும். எளிய முறைக்கென்று நாடுகள் ஒப்புக்கொண்ட பட்டியலில் அந்தப் பொருள் இருக்க வேண்டும். ஒரு நடைச் சரக்கின் மதிப்பு 2,000 அமெரிக்க டாலரைத் தாண்டக் கூடாது.

கடைசி நிபந்தனையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டாலருக்கு 130 கென்ய ஷில்லிங் என்றும், 90 கிலோச் சோள மூட்டை 4,000 ஷில்லிங் என்றும் வைத்துக்கொண்டால், 60 மூட்டைக்கு 2,40,000 ஷில்லிங். ஏறக்குறைய 1,850 டாலர். அதாவது ஒரு சின்ன லாரி நிறைய ஏற்றினாலும் எளிய முறைக்குள் வந்துவிடலாம். தலைச்சுமைக்காரர்களுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை என்று நினைப்பது தவறு. (மூட்டைக்கு சுவாஹிலியில் 'குனியா' என்று பெயர். நம் 'கோணி'க்கு அது உறவு என்பது ஒலியிலேயே தெரிகிறது.)

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. 2,000 டாலரைத் தாண்டினால் சுங்க வரி வந்துவிடும் என்று பயந்து சரக்கைக் கூறுபோட்டுத் தனித்தனி ஆள் பேரில் அனுப்புவார்கள். தேவையே இல்லை. அந்தத் தொகைக்கு மேல் போனாலும் உகாண்டாச் சோளத்துக்கு வரி இல்லைதான். முறையான சான்றும் முழுச் சுங்கப் பதிவும் வேண்டும், அவ்வளவே. அந்தத் தொகையைத் தாண்டினால் மாறுவது தாள்தான், வரி இல்லை.

'உறுப்பு நாட்டில் உண்டானது' என்பதற்கு எளிய அர்த்தம்: அங்கே விளைந்தது, அங்கே வளர்ந்தது, அங்கே பிடித்தது. சோளம், பீன்ஸ், கோழி, முட்டை எல்லாம் சேரும். விக்டோரியா ஏரியில் கிடைக்கும் வெள்ளி நிறப் பொடி மீன் கருவாடும் சேரும். கென்யாவில் அதை ஒமேனா என்பார்கள், உகாண்டாவில் முக்கேனே, தான்சானியாவில் டகா. தொழிற்சாலைப் பொருள் என்றால் வெளிநாட்டுக் கச்சாப் பொருள் எவ்வளவு, அதை உள்ளூரில் எவ்வளவு மாற்றியிருக்கிறார்கள் என்று தனி விதிகள் உண்டு. கென்யாவில் தயாரான சோப்பு தேறும். நைரோபி கடையில் வாங்கினாலும், பாகிஸ்தானில் விளைந்த அரிசி தேறாது. ஐரோப்பாவிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணியும் (அங்கே 'மிதும்பா') தேறாது. வாங்கிய கடை எந்த ஊரில் என்பதைச் சுங்கம் பார்ப்பதில்லை.

சாவடியில் நடப்பது

ஒரு காலத்தில் உகாண்டாப் பக்கம் ஒரு வரிசை, கென்யாப் பக்கம் இன்னொரு வரிசை என்று இரண்டு முறை நிற்க வேண்டும். இப்போது இரு நாட்டு அலுவலர்களும் ஒரே கட்டடத்தில் உட்கார்கிறார்கள். உகாண்டாவிலிருந்து கென்யாவுக்குப் போகிறவர் கென்யாப் பக்கக் கட்டடத்தில் மட்டும் நின்றால் போதும். வெளியேறுவதற்கான வேலையும் உள்ளே நுழைவதற்கான வேலையும் அங்கேயே முடியும். திரும்பும்போது உகாண்டாப் பக்கம். புசியாவின் இந்த ஒற்றைச் சாவடியை 2018 பிப்ரவரியில் அன்றைய கென்ய அதிபர் உகுரு கென்யாட்டாவும் உகாண்டா அதிபர் யொவேரி முசெவெனியும் திறந்துவைத்தார்கள்.

பாஸ்போர்ட் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. கென்யா, உகாண்டா, ருவாண்டா குடிமக்கள் 2014 முதல் தேசிய அடையாள அட்டையைக் காட்டியே இந்த மூன்று நாடுகளுக்குள் போய்வரலாம்.

சீட்டை ஏற்றுமதி செய்யும் நாட்டுச் சுங்க அலுவலர் தருவார். அதில் அனுப்புபவர் பெயர், பெறுபவர் பெயர், பொருள், அளவு, மதிப்பு, எங்கே உண்டானது என்ற உறுதிமொழி இருக்கும். கையெழுத்துப் போடுவது வியாபாரி. சரிபார்த்து முத்திரை வைப்பது அலுவலர். சீட்டு ஒரு நடைக்கு மட்டும் செல்லும். போன வாரச் சீட்டை இந்த வாரம் நீட்ட முடியாது. முத்திரைக்குக் காசு கேட்டால் அது கட்டணம் இல்லை. என்னவென்று உங்களுக்கே தெரியும்.

சீட்டு எதற்குச் செல்லாது

சீட்டைப் பற்றிய பெரிய ஏமாற்றமே இங்கேதான். அது சுங்க வரியை மட்டும்தான் நீக்கும். மதிப்புக் கூட்டு வரி, கலால் வரி போன்ற உள்நாட்டு வரிகள் ஒரு பொருளுக்கு உண்டு என்றால் அவை அப்படியே நிற்கும். தடை செய்த பொருளைச் சீட்டு உள்ளே விடாது. விளைபொருளுக்கு, பூச்சியோ நோயோ இல்லை என்று சொல்லும் தாவர நலச் சான்று வேண்டும். இறைச்சி, முட்டை, பால் என்றால் கால்நடைத் துறைச் சான்று. இவற்றை வேளாண் அலுவலர்களும் தரக் கட்டுப்பாட்டு நிறுவனங்களும் தனியாகப் பார்ப்பார்கள். 'சீட்டு இருக்கிறதே, ஏன் நிறுத்துகிறீர்கள்' என்று எல்லையில் எழும் சண்டைகளில் பாதி இந்த வித்தியாசம் தெரியாததால் வருவது.

சோளத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். 2021 மார்ச் 5 அன்று கென்யாவின் வேளாண் உணவு ஆணையம், உகாண்டா, தான்சானியா மக்காச்சோளத்தை உள்ளே விட வேண்டாம் என்று சுங்கத் துறைக்கு எழுதியது. காரணம், பூஞ்சை நஞ்சு. சரியாகக் காயாத தானியத்தில் படரும் பூஞ்சை, அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். கடிதம் போனதும் லாரிகள் அப்படி அப்படியே நின்றன. பிறப்பிடம் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. சீட்டும் செல்லுபடியான சீட்டுதான். ஆனாலும் சரக்கு நகரவில்லை. உகாண்டா எதிர்ப்புத் தெரிவித்தது. சில நாட்களிலேயே கென்யா தடையைத் தளர்த்தி, நிபந்தனைகள் போட்டது: இறக்குமதி செய்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும், அஃப்ளடாக்சின் நூறு கோடியில் பத்துப் பங்குக்கு மேல் இல்லை என்ற தரச் சான்று சரக்கோடு வர வேண்டும்.

நஞ்சு இருக்கக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் 600 மூட்டைக்கு ஒரு ஆய்வகச் சோதனை என்றால் செலவு பரவிவிடும். ஆறு மூட்டைக்கு ஒன்று என்றால் தாங்காது. எளிய முறை கொண்டுவந்தபோது சுங்கத்தை எளிதாக்கினார்கள், சோதனையை எளிதாக்கவில்லை. இந்தத் திட்டத்தில் இன்னும் தைக்காத கிழிசல் அது என்பேன்.

ஆய்வகத்துக்குப் போகுமுன் வியாபாரி தன்னால் பார்க்கக்கூடியது ஈரம். கிழக்கு ஆப்பிரிக்கத் தர அளவுப்படி சோளத்தில் ஈரம் 13.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மீட்டர் இல்லாதவர்களுக்கு அங்குள்ள வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் சொல்லித்தரும் வழி ஒன்று: நன்றாக உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு கைப்பிடிச் சோளமும் கொஞ்சம் உலர்ந்த உப்பும் போட்டு, மூடிக் குலுக்கி, சிறிது நேரம் வைத்துவிட வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் சோளம் ஈரம். மறுபடி காயப்போட வேண்டியதுதான். ஒட்டாமல் அடியில் விழுந்தால் ஓரளவு காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தார்ப்பாயில் காயப்போடாமல் வெறும் மண்ணில் கொட்டியிருந்தால் மட்டும் எந்த பாட்டிலும் உதவாது. பூஞ்சை மண்ணிலிருந்தே ஏறிவிடும்.

எலிப் பாதை

இத்தனை இருந்தும் பலர் சாவடிப் பக்கமே வருவதில்லை. வயல்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே எல்லையைத் தாண்டும் ஒற்றையடிப் பாதைகள் நிறைய. 'பான்யா' வழி என்பார்கள். பான்யா என்றால் எலி. கடத்தல் வியாபாரத்துக்கு 'மகெண்டோ' என்று தனிச் சொல்லே இருக்கிறது. அதில் போகிறவர்கள் எல்லோரும் வரி ஏய்ப்பவர்கள் இல்லை. வரியே இல்லாத சோளத்தைத்தான் பலர் அதில் சுமக்கிறார்கள். சீட்டு ஒன்று இருப்பது தெரியாது, அல்லது முத்திரை வாங்கும் நேரத்தில் சந்தை கலைந்துவிடும் என்ற கவலை. பாதையில் போலீஸ் பிடித்தால் கையில் தாள் இல்லை. அங்கே பேரம் ஆரம்பமாகும். பெண்களுக்கு அந்தப் பேரம் பணத்தோடு நிற்கும் என்ற உறுதியும் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒரு முத்திரைக்காக இதையெல்லாம் தவிர்த்திருக்கலாம்.

ஆகவே சீட்டைச் சாவடி தாண்டியதும் கசக்கி எறிந்துவிடக் கூடாது. கென்யாவுக்குள் கிசுமு சாலையிலோ எல்டொரெட் சாலையிலோ லாரியை மறித்துக் கேட்டால் காட்ட வேண்டியது அதுதான். சரக்கு விற்றுத் தீரும்வரை மடியில் இருக்கட்டும். அடையாள அட்டை, தாவர நலச் சான்று, வாங்கிய ரசீது மூன்றையும் அதோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்வது வழக்கம். அங்கே மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.