கடற்காற்றில் நிற்கும் எஃகுச் செடிகள்: சிற்பம் நிறுவுவோர் கவனத்திற்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையோர விடுதி ஒன்றின் முற்றத்தில் நிறுவப்பட்டு இரண்டு மழைக்காலம்கூட ஆகாத தாமரைச் சிற்பம் ஒன்றைப் பார்க்கச் சென்ற மாதம் அழைத்திருந்தார்கள். இதழ்களின் மேற்புறம் பளபளப்பாகவே இருந்தது. அடிப்புறமும், தண்டோடு இதழ் சேரும் மடிப்புகளும் பழுப்பேறிக் கிடந்தன. "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எப்படி சார் துருப்பிடிக்கும்?" என்ற கேள்வியை ஒவ்வொரு முற்றத்திலும் கேட்டுச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

துருப்பிடிக்கும். அதைக் காப்பது மேற்பரப்பில் தானாகப் படியும் மிக மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் மட்டுமே. உப்பிலுள்ள குளோரைடு அதை ஊசிமுனை அளவில் துளைத்துவிடும். வீட்டு எவர்சில்வர் குடம் முப்பது ஆண்டுகளாக மின்னுகிறதே என்று வாதாடுகிறார்கள். அந்தக் குடத்தை நாள்தோறும் துலக்கிக் கழுவிக் கவிழ்த்து வைக்க ஒருவர் இருக்கிறார். உங்கள் சிற்பத்திற்கு யார் இருக்கிறார்கள்? டெல்லி தேசிய நவீனக் கலைக்கூட வளாகத்திலுள்ள சுபோத் குப்தாவின் எஃகு ஆலமரத்தையும், வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத் தோட்டத்தில் 2009 முதல் நிற்கும் ராக்ஸி பெயினின் எஃகு மரத்தையும் கைப்பேசியில் காட்டுவோரும் உண்டு. டெல்லிக்குக் கடற்காற்று எட்டாது. வாஷிங்டனிலோ சிற்பங்களைப் பேணுவதற்கென்றே வல்லுநர்கள் இருக்கிறார்கள்.

செடி, மர வடிவங்களில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. இலைக்கணு, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் மடல், உள்ளே சுருளும் விளிம்பு என்று அழகு சேர்க்கும் இடங்களெல்லாம் உப்புநீர் தங்கும் இடங்கள். மழை நனைக்கும் பகுதி கழுவப்படுகிறது. மழை படாத அடிப்புறத்தில்தான் உப்பு சேர்ந்துகொண்டே போகிறது. ஆகவே ஒவ்வொரு குழிவிலும் நீர் வடிய வழி வேண்டும் என்று வரைபட நிலையிலேயே சிற்பியிடம் கேளுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை எண்களால் ரகம் பிரிப்பார்கள்; கடலோரத்திற்கு 304 ரகம் போதாது. 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் வேண்டும். காந்தம் ஒட்டவில்லை, எனவே நல்ல சரக்கு என்று கடைக்காரர் காட்டும் வித்தையை நம்பாதீர்கள். 304, 316 மட்டுமல்ல, மலிவான 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. எஃகின் கலவையைக் காட்டும் ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண இரும்பைத் தேய்த்த கிரைண்டர் சக்கரம் இந்த எஃகின்மேல் படவே கூடாது. வெல்டிங் செய்த இடத்தின் நீல, பழுப்பு நிறத்தை அமிலப் பசையால் நீக்காமல் சிற்பத்தைப் பட்டறையிலிருந்து வெளியே விடாதீர்கள். (வெல்டர்கள் இதை அறியாதவர்கள் அல்லர், அந்த வேலைக்கு யாரும் கூலி தருவதில்லை.) துரு நிறமே அழகு என்று, மேலே படியும் துருவே காப்பாகும் கார்ட்டன் எஃகைக் கேட்போருக்கும் ஒரு சொல்: அதன் காப்புத் துருப்படலம் உப்புக்காற்றில் நிலைபெறாது, தகடு அரிபட்டுக்கொண்டே போகும்.

நிறுவிய பின் மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீராலும் மென்மையான சோப்பாலும், முக்கியமாக அடிப்புறத்தை, கழுவித் துடையுங்கள். உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். கழிவறை ஆசிட், பிளீச்சிங், இரும்பு நார் ஆகியவற்றை அருகிலேயே கொண்டுவராதீர்கள். பொட்டாஷ் உரத்தில் பெரும்பாலும் இருப்பது பொட்டாசியம் குளோரைடு என்பதால், அதைச் சிற்பத்தின் காலடியில் தூவ வேண்டாம் என்று தோட்டக்காரரிடம் தயவுசெய்து சொல்லிவையுங்கள். பழுப்புக் கறை முதலில் தெரியும்போதே எங்களைப் போன்றவர்களை அழையுங்கள். அந்நிலையில் பெரும்பாலும் அதைத் துடைத்தெடுத்துவிடலாம். வெள்ளி பெயின்ட் அடித்து மறைத்த பிறகு மட்டும் அழைக்காதீர்கள்.