பழைய கார் சூடேறினால் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்

ஏப்ரல், மே மாதம் வந்தால் பொள்ளாச்சியில் இருக்கும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கயிறு கட்டி இழுத்துவரும் கார்கள் அதிகமாகிவிடும். ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது சூடாகி நின்றவை. 40 கொண்டை ஊசி வளைவு, வண்டி நிறைய ஆள், ஏசி முழு வேகத்தில், இரண்டாவது கியர். பதினைந்து வருடம் ஓடி ஆர்.சி. புதுப்பித்த வண்டியும் இதைத் தாங்கும், கூலிங் சிஸ்டம் ஒழுங்காக இருந்தால். இப்படி வரும் வண்டிகளில் பாதிக்கு மேல், கோளாறு அன்று காலையில் பிறந்ததில்லை. பல வாரங்களாகவே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்திருக்கும், யாரும் பானெட்டைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சொந்த வண்டியைச் சொந்தக் கையால் பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் கூலிங் விஷயத்தில் எது வீட்டு வேலை, எது ஒர்க்‌ஷாப் வேலை என்ற எல்லை தெரிந்திருக்க வேண்டும். அந்த எல்லை ரொம்ப எளிது: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கண்ணாலும் விரலாலும் பார்க்க முடிகிற எல்லாம் உங்கள் வேலை. இன்ஜின் சூடாக இருக்கும்போது எதையும் திறக்கக் கூடாது.

முதலில் அந்த மூடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆட்கள் காயப்படுவது அதில்தான். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை, உள்ளே ஸ்பிரிங் வைத்த வால்வு. பெரும்பாலான கார்களில் அது ஏறக்குறைய 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். வெளியில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் இந்த அழுத்தத்தில் 118 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் இருக்கும். குக்கரில் நடப்பதும் இதுதான். நீங்கள் மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விடும், உள்ளே இருப்பது ஒரே நொடியில் கொதித்து ஆவியோடு முகத்திலும் நெஞ்சிலும் அடிக்கும். ஈரத்துணி போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று வீடியோ பார்த்துவிட்டுச் செய்து, முழங்கை வரை வெந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படியே பட்டுவிட்டால், வெந்த இடத்தை உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். டூத்பேஸ்ட், பேனா மை எதுவும் தடவ வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, காலையில் இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது என்ன பார்ப்பது? இன்ஜினைச் சுற்றி ஓடிச் சூட்டை எடுக்கும் திரவம்தான் கூலன்ட். அந்தக் கூலன்ட் டப்பாவில் அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதாமாதம் ஊற்ற வேண்டியிருந்தால் அது எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. ஊற்றி ஊற்றிச் சமாளிப்பது தீர்வு இல்லை. அப்புறம் ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று ஊதியிருந்தாலும், அழுத்தும்போது நொறுங்குகிற சத்தம் வந்தாலும், கிளிப் பக்கத்தில் வெடிப்பு தெரிந்தாலும் ஹோஸை மாற்றும் நேரம் வந்துவிட்டது. இணைப்புகளைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் அங்கே கசிந்து காய்ந்திருக்கிறது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதிலிருந்து கறை இறங்கியிருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் உள்வாங்கிச் சப்பையாகிக் கிடந்தால், பெரும்பாலும் மூடியில் காற்றை உள்ளே விடும் சின்ன வால்வு அடைத்திருக்கும். புது மூடி சில நூறு ரூபாய்தான். ஆனால் பழைய மூடியில் பொறித்திருக்கும் அதே அழுத்த எண் உள்ளதையே வாங்குங்கள்.

எங்கள் ஊர்ப்பக்கம் இன்னொன்று. சுற்றிலும் தென்னை நார் ஆலைகள். அந்தத் தூசி ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பஞ்சு மாதிரி படிந்துவிடும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது, டார்ச் அடித்து இடுக்கில் பார்க்க வேண்டும். சாதாரணத் தோட்டக் குழாயால், இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே போகிற மாதிரி மெதுவாகக் கழுவினால் வந்துவிடும். வாட்டர் வாஷ் கன்னால் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்றுப் பாதையே அடைபடும். ரேடியேட்டர் பேன் (விசிறி) பக்கத்தில் கை போகிறது என்றால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். பல கார்களில் சாவி ஆஃப் ஆன பிறகும் பேன் தானாகச் சுற்றும்.

எப்போது சூடாகிறது என்பதைக் கவனித்தாலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். டிராபிக்கில் நிற்கும்போது டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் பேன் மேல் சந்தேகப்படுங்கள். ஏசியைப் போட்டதும் பேன் சுற்றுகிறதா என்று பாருங்கள், சுற்றாவிட்டால் பியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் போக வேண்டும். ஊருக்குள் சரியாக இருந்து, மேடு ஏறும்போதும் பைபாஸில் விரட்டும்போதும் சூடானால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், அல்லது பம்ப் சரியாகத் தள்ளவில்லை. இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வருகிறதா? கூலன்ட் குறைந்துவிட்டது, அல்லது சுற்றவே இல்லை. மெக்கானிக்கிடம் ‘சூடாகுது’ என்று மட்டும் சொல்லாமல் இந்த விவரங்களைச் சொன்னால் உங்களுக்குத் தேவையில்லாத பாகங்களை மாற்றுகிற செலவு மிச்சமாகும்.

இப்போது தெர்மோஸ்டாட், அதாவது ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு. ‘வால்வைக் கழற்றிப் போட்டுடுங்க, சூடே ஆகாது’ என்ற அறிவுரை தமிழ்நாட்டில் எந்த மூலைக்குப் போனாலும் கிடைக்கும். எங்கள் தொழிலில் இருப்பவர்களே சொல்கிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். அந்த வால்வு 82 டிகிரி போல வந்ததும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அது இல்லாவிட்டால் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரவே நேரமாகும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்து அதிகப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், ஆயில் சீக்கிரம் கெடும். சில இன்ஜின்களில் அதே வால்வுதான் பைபாஸ் வழியையும் மூடுகிறது. அதைக் கழற்றினால் ஒரு பங்கு கூலன்ட் ரேடியேட்டர் பக்கமே போகாமல் உள்ளேயே சுற்றும், மேடு ஏறும்போது முன்பைவிட அதிகமாகச் சூடாகும். வால்வு கெட்டதா என்று தெரிய அதைக் கழற்றி, சமையலுக்கு எடுக்காத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதில் பொறித்த டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதித்தும் திறக்காவிட்டால் புதிது வாங்கி அதே இடத்தில் பொருத்துங்கள்.

‘நம்ம ஊரில் பனியா பெய்யுது, எதுக்குக் கூலன்ட்?’ என்று கேட்டு போர் தண்ணீரை ஊற்றுகிறவர்களும் நிறைய. உறையாமல் காப்பது கூலன்டின் ஒரு வேலை மட்டும்தான். துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது. போர் தண்ணீரில் உள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கிறது, இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டை அரிக்கிறது. கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, அல்லது ஏற்கெனவே கலந்து விற்கும் கேன், அவ்வளவுதான். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது. வண்டிக் கையேட்டில் சொன்ன வகையையே ஊற்றுங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள். கசிவை நிறுத்த மஞ்சள் தூள் போடுவது பழைய வைத்தியம். நடுக்காட்டில் வேறு வழியில்லாமல் போட்டால், ஊர் வந்ததும் முழுக்கக் கழுவிவிட வேண்டும். ஓட்டையை அடைத்த தூள் குழாயையும் அடைக்கும்.

வழியில் முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஜன்னல்களை இறக்குங்கள். உள்ளே இருப்பவர்களுக்குக் கஷ்டம்தான், ஆனால் இன்ஜினிலிருந்து கொஞ்சம் சூடு வெளியேறும், ஓரம் கட்ட அந்த நேரம் போதும். சிவப்பைத் தொட்டுவிட்டால் உடனே ஆஃப். இன்னும் இரண்டு வளைவுதானே என்று ஓட்டினால் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போகும், ஹெட் வளைந்தால் லேத்தில் கொடுத்து மட்டமாகச் சீவி (ஃபேஸிங்) எடுக்க வேண்டும். முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். கூலன்ட் முழுக்கப் போய், சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது என்று அதற்குப் பொருளாக இருக்கலாம். நின்ற பிறகு இன்ஜின் மேல் பச்சைத்தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெடிப்பு விழும். குறைந்தது ஒரு மணி நேரம் ஆறட்டும். மேல் ஹோஸ் கைக்குச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும் வரை மூடியில் கை வைக்காதீர்கள்.

சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை, டிப் ஸ்டிக்கில் பால் கலந்த காபி நிறத்தில் ஆயில், கூலன்ட் டப்பாவில் விடாமல் குமிழி, இவற்றில் ஏதாவது இருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே வேண்டாம். இழுத்துத்தான் கொண்டுவர வேண்டும். ஹெட் கழற்றும் வேலையை வீட்டில் தொடங்காதீர்கள். போல்ட்டுகளை வரிசைப்படி, டார்க் ரெஞ்சில் சரியான அளவுக்கு இறுக்க வேண்டிய வேலை அது.

கூலன்டை நீங்களே மாற்றினால் பழையதைச் சாக்கடையிலோ வாசலிலோ கொட்டாதீர்கள். அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய் நக்கும், குழந்தையும் வாயில் வைக்கும், கொஞ்சம் போனாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை எடுக்கும். மூடியுள்ள கேனில் பிடித்து, எட்டாத இடத்தில் வைத்து, அடுத்த முறை ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது கொண்டுவந்து கொடுங்கள்.