ஓட்டுநர் யார் வீட்டுப் பிள்ளை?

சோமாலியாவின் பைடோவா நகரச் சந்தை அருகே எங்கள் வாடகை வண்டி ஒரு கழுதை வண்டிக்காரரை இடித்துவிட்டது. வயதானவர், தொடை எலும்பு முறிந்துபோயிற்று. அப்போது நான் ஒரு நிவாரண அமைப்பின் பாதுகாப்பு அலுவலர். விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஓட்டுநர்களுக்கு வகுப்பெடுத்தவனும் நானே. வண்டியை நிறுத்த வேண்டும், முதலுதவி செய்ய வேண்டும், வயர்லெஸ்ஸில் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், பிறகு காவல் நிலையம். நான் பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போதே, ஓட்டுநர் வயர்லெஸ்ஸைத் தொடாமல் கைபேசியை எடுத்துத் தன் சித்தப்பாவை அழைத்தார்.

காவலர் வருமுன் சித்தப்பா வந்துவிட்டார். அடிபட்டவரின் உறவுக்காரர்களும் வந்துவிட்டார்கள். அவர்களில் இருவர் தோளில் துப்பாக்கி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. சித்தப்பா நேராக அவர்களிடம் போய்த் தன் பெயரைச் சொன்னார். பிறகு அப்பா, தாத்தா, பூட்டன் என்று மேலே மேலே பெயர்களை அடுக்கினார். எதிர்த்தரப்பில் மூத்தவர் ஒருவர் தன் வரிசையைச் சொன்னார். எங்கேயோ ஒரு பெயர் வந்ததும் இருவரும் தலையசைத்தார்கள். துப்பாக்கிகள் தோளைவிட்டு இறங்கவில்லை. பெரியவரை எங்கள் வண்டியிலேயே ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஓட்டியது அதே ஓட்டுநர்தான்.

மூன்றாம் நாள் ஒரு மரத்தடியில் பேச்சு. சர்க்கரையை அள்ளிக் கொட்டிய தேநீர், பாய், நரைத்த தாடியில் மருதாணிச் சிவப்பு ஏறிய பெரியவர்கள். எலும்பு முறிவுக்கு இவ்வளவு, வேலை கெட்ட நாட்களுக்கு இவ்வளவு, உடைந்த வண்டிக்கு இவ்வளவு என்று நண்பகல் தொழுகை வரை பேசினார்கள். தொகை முடிவானதும் சித்தப்பாவின் கைபேசி சிணுங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சிணுங்கலுக்கும் எங்கோ ஒரு பங்காளி தன் பங்கை மொபைல் பணமாக அனுப்பியிருந்தார். ஓட்டுநரை நேரில் பார்த்தே இராதவர்களும் அதில் உண்டு. தலைமை அலுவலகத்துக்கு நான் அனுப்ப வேண்டிய படிவத்தில் ‘காவல் நிலையம், வழக்கு எண்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டதற்கு விளக்கம் கேட்டு மூன்று மின்னஞ்சல்கள் வந்தன.

எனக்குத் தெரிந்தே நம்மவர்கள் சிலர் இப்போது தலைநகர் மொகடிஷுவுக்கும் வடக்கே ஹர்கெய்சாவுக்கும் வேலைக்குப் போகிறார்கள். போகுமுன் என்னிடம் பேசுபவர்கள் குண்டுவெடிப்பைப் பற்றிக் கேட்பார்கள், சம்பளத்தைப் பற்றிக் கேட்பார்கள், அரிசி கிடைக்குமா என்றும் கேட்பார்கள். குலத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அரசு நலிந்துபோன ஒரு நாட்டில் உங்கள் உயிரைக் காப்பதும் சிக்கலில் மாட்டிவிடுவதும் பெரும்பாலும் அதுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சோமாலியக் குலத்தை நம் ஊர்ச் சாதியோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதைப் புரிந்துகொள்ள நம் மொழியிலேயே இருக்கும் நல்ல சொல் ‘பங்காளி’. தாரோத், ஹாவியே, திர், இசாக், ரஹன்வெய்ன் என்ற பெரிய பெயர்கள் செய்தித்தாளுக்கு உரியவை. அன்றாட வாழ்வில் எண்ணப்படுவது அதற்கும் பல படிகள் கீழே உள்ள சின்ன வட்டம். ஓர் உயிர் போனால் சேர்ந்து இழப்பீடு கொடுக்கவும் சேர்ந்து வாங்கவும் கடமைப்பட்ட ஆண்வழிப் பங்காளிகள். அந்த இழப்பீட்டுக்கு ‘மக்’ என்று பெயர். ஓர் ஆணின் உயிருக்கு மரபுப்படி 100 ஒட்டகங்கள், பெண்ணின் உயிருக்கு 50. இன்று பணமாகவே பெரும்பாலும் தீர்க்கிறார்கள், ஆனால் கணக்கு ஒட்டகத்தில்தான் தொடங்குகிறது. குலங்களுக்கிடையே காலங்காலமாக வாய்மொழியாக ஏற்றுக்கொண்ட வழக்கச் சட்டம் ‘ஹீர்’. பெண்கள், குழந்தைகள், முதியோர், விருந்தினர் ஆகியோர் ‘ஈட்டிக்குத் தப்பியவர்கள்’. சண்டையில் அவர்களைத் தொடக் கூடாது என்பதும் அதில் அடக்கம். 1991க்குப் பிந்தைய உள்நாட்டுப் போர் இந்த விதியைக் கொடூரமாக மீறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரு மாலை எங்கள் காவலாளியின் மகன், எட்டு வயதிருக்கும், தன் முன்னோர் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பித்துக் காட்டினான். இருபதைத் தாண்டியதும் நான் எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன். உங்களுக்கு எத்தனை தெரியும் என்று காவலாளி கேட்டார். கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிட்டேன். அவர் என்னை உண்மையான இரக்கத்தோடு பார்த்து, “அப்படியானால் உங்களால் யாராவது செத்துப்போனால் பணம் யார் கொடுப்பார்கள்?” என்று கேட்டார். நிறுவனத்தின் காப்பீட்டைப் பற்றி விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

நீதிமன்றம், காவல்துறை, காப்பீடு, முதியோர் உதவி எல்லாம் அந்தப் பெயர் வரிசைக்குள்ளேதான் இருக்கின்றன. அரசு ஒழுங்காக நடக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று சொல்வது எளிது. பதின்ம வயதுப் பையன் கையில் துப்பாக்கி இருக்கும் தெருவில், அவன் சுட்டால் தன் சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் கடன்படுவார்கள் என்ற நினைப்புதான் விசையிலிருந்து அவன் விரலை எடுக்க வைக்கிறது.

ஆனால் இந்தக் காப்பீட்டில் எல்லோருக்கும் பாலிசி கிடையாது. ஆற்றங்கரை விவசாயிகளான பாண்டு மக்கள், கைவினைத் தொழில் செய்யும் கபோயே போன்ற சிறுபான்மையினருக்குப் பின்னால் துப்பாக்கியோடு வரப் பங்காளிகள் இல்லை. அவர்களுடைய உயிருக்கு இழப்பீடு கேட்டால் கேலிதான் கிடைக்கும். 2000இல் ஜிபூட்டியின் ஆர்த்தா நகரில் நடந்த மாநாட்டிலிருந்து சோமாலிய அரசியல் ‘4.5’ என்ற கணக்கில் ஓடிவந்திருக்கிறது. நான்கு பெரும் குலங்களுக்குத் தலைக்கு ஒரு பங்கு (இசாக்கைத் திர் குலத்தோடு சேர்த்து எண்ணுகிறார்கள்), மற்ற எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு. ஒரு மனிதனை அரை மனிதன் என்று எண்ணால் எழுதிவைத்ததை வேறெங்கும் இவ்வளவு வெளிப்படையாக நான் பார்த்ததில்லை. பெண்களின் நிலையும் மோசம். பாலியல் வன்முறை வழக்கை மரத்தடியில் ஆண்கள் பேசி, ஆண்களுக்குள்ளேயே பணம் கைமாறி முடித்துவிடுவார்கள். சில சமயம் கெடுத்தவனுக்கே கட்டிவைப்பதும் உண்டு. ஹீரை ரசித்துப் பேசுகிற வெளிநாட்டு நிபுணர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

அப்படியானால் குலத்தை ஒழித்துவிட வேண்டியதுதானே? ஒருவர் முயன்று பார்த்தார். 1969 அக்டோபரில் ஆட்சியைப் பிடித்த சியாத் பாரே, குலவாதத்துக்கு உருவப்பொம்மை செய்து எரிக்கவும் புதைக்கவும் வைத்தார். குலத்தைக் கேட்பதே குற்றம். மக்கள் உடனே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: “உன் முன்னாள் குலம் எது?” என்று கேட்டார்கள். அதே பாரேயின் ஆட்சியை மக்கள் மூன்று எழுத்தில் குறிப்பிட்டார்கள், எம்.ஓ.டி. என்று. அவருடைய மரேஹான், அவர் அம்மாவின் ஒகாடேன், மருமகனின் துல்பஹன்டே ஆகிய மூன்று குலங்களின் முதலெழுத்துகள் அவை. மேடையில் குலம் செத்தது. பாதுகாப்புப் படையின் பதவிப் பட்டியலில் கொழுத்தது. எத்தியோப்பியாவுடனான 1977-78 போரில் தோற்றபின், எதிர்த்த குலங்களை ஊரோடு தண்டிப்பது ஆட்சி முறையாகவே ஆயிற்று. 1988இல் இசாக் மக்களின் ஹர்கெய்சாவைச் சொந்த நாட்டு விமானங்களே குண்டு வீசித் தகர்த்தன. அந்தக் குண்டுவீச்சின் நினைவுச் சின்னமாக ஒரு மிக் போர் விமானம் இன்றும் அந்த ஊர் நடுவே நிற்கிறது.

1991 ஜனவரியில் பாரே ஓடியதும் மொகடிஷுவைப் பிடித்தது ஹாவியே குலத்தின் இயக்கம். ஒரே குலம்தானே, அமைதி வந்திருக்க வேண்டும். ஆனால் நகரம் இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் அப்கால் கிளையின் அலி மஹ்தி, மறுபக்கம் ஹபர் கிதிர் கிளையின் முகம்மது ஃபாரா அய்தீத். இருவருமே ஹாவியே. பொது எதிரி இருந்தவரை பெரிய வட்டம். அவன் போனதும் வட்டம் சுருங்கிவிட்டது. குலங்களை வண்ணம் தீட்டிக் காட்டும் வரைபடங்களை நான் சுவரில் மாட்டுவதில்லை. இந்தச் சுருங்கலும் விரிதலும் வரைபடத்தில் வராது.

இதை அறியாமல் நடந்த பெரும் பிழை 1993 ஜூலை 12. அதற்கு முந்தைய மாதம் அய்தீத் தரப்பு 24 பாகிஸ்தான் அமைதிப்படை வீரர்களைக் கொன்றிருந்தது. பழிவாங்கும் வேட்டையில் அமெரிக்க ஹெலிகாப்டர்கள் மொகடிஷுவில் ஒரு வீட்டின்மீது ஏவுகணைகளைப் பொழிந்தன. அந்த வீட்டில் ஹபர் கிதிர் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். அய்தீத் அங்கே இல்லை. 50க்கும் மேற்பட்டோர் இறந்ததாகச் செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிட்டது. சமாதானம் பேசலாம் என்று நினைத்த பெரியவர்களும் அங்கே செத்தார்கள். அதுவரை அய்தீத்தோடு மனவருத்தத்தில் இருந்த பங்காளிகள்கூட அன்று மாலைக்குள் ஒன்றாகிவிட்டார்கள். அக்டோபர் 3 அன்று தொடங்கிய சண்டையில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்ததை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஜூலை 12ஐ மொகடிஷு நினைவில் வைத்திருக்கிறது.

சரி, இப்போதுதான் தேசிய ராணுவம் இருக்கிறதே என்பீர்கள். 2021 ஏப்ரலில் அதிபர் ஃபர்மாஜோவின் பதவிக்காலத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தபோது என்ன ஆயிற்று? ஏப்ரல் 25 அன்று ஒரே சீருடை அணிந்த ராணுவத்தினர் குலவாரியாகப் பிரிந்து மொகடிஷு தெருக்களில் மோதினார்கள். பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினார்கள். மே 1 அன்று நீட்டிப்பு ரத்தாயிற்று. அமெரிக்கப் பயிற்சி பெற்ற தனாப் அதிரடிப்படை போலப் பல குலத்தாரையும் கலந்து சேர்த்த பிரிவுகள் உண்டு; அவை நன்றாகவே சண்டை போடுகின்றன. அங்கே சம்பளம் ஒழுங்காக வந்தது என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பேன்.

அரசை எதிர்த்துப் போரிடும் இஸ்லாமியவாத ஆயுத இயக்கமான அல்-ஷபாப் இந்த விளையாட்டை அரசைவிட நன்றாக ஆடுகிறது. தங்களுக்குக் குலமே கிடையாது என்று சொல்லிக்கொண்டு, குலத்தால் நசுக்கப்பட்ட சிறுபான்மை இளைஞர்களை இழுக்கிறது. லாரிக்காரர்களிடம் வரி வாங்கி ரசீது கொடுக்கிறது; அந்த ரசீதைக் காட்டினால் அவர்களுடைய அடுத்த சாவடியில் மறுபடி கேட்பதில்லை. அரசுப் பக்கத்துச் சாவடிகளில் சாலைக்குக் குறுக்கே கட்டிய ஒவ்வொரு கயிற்றுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அதே சமயம் குலப் பெரியவர்களை அழைத்து ஆள் கொடு, ஆடு கொடு என்று கேட்பதும் அவர்களே. அவர்களுடைய துணைத் தலைவராக இருந்த முக்தார் ரோபோவின் கதையைப் பாருங்கள். 2013இல் இயக்கத் தலைமையோடு முறிந்ததும் அவர் ஓடி ஒளிந்தது சொந்தக் குலத்தார் வாழும் பகோல் பகுதியில். இயக்கத்தால் அவரை எளிதில் நெருங்க முடியவில்லை. 2017இல் அரசிடம் வந்தார், 2018இல் பைடோவாவில் தேர்தலில் நின்றபோது அரசே அவரைக் கைது செய்தது, ஊர் கொந்தளித்துப் பலர் செத்தார்கள். 2022இல் அவரே சமய விவகார அமைச்சர்.

அதே 2022இல்தான் ஹிரான் பகுதியில் ‘மஅவிஸ்லே’ எழுந்தார்கள். மஅவிஸ் என்பது நம் கைலியேதான், ஆக, ‘கைலிக்காரர்கள்’. அல்-ஷபாப் கேட்ட வரியும் பிள்ளைகளும் பொறுக்க முடியாமல், ஹவாத்லே போன்ற குலங்களின் மேய்ப்பர்கள் துப்பாக்கி தூக்கினார்கள். ராணுவமும் சேர்ந்துகொள்ள, ஆண்டுகளாக அசையாத ஊர்கள் சில மாதங்களில் கைமாறின. தங்கள் மண்ணைத் தாண்டி அடுத்த குலத்தின் மண்ணுக்குள் போனதும் அந்த வேகம் குறைந்துவிட்டது. 2022 டிசம்பரில் மீட்ட ஆதன் யபால் என்ற ஊர் 2025 ஏப்ரலில் திரும்பவும் அல்-ஷபாப் கைக்குப் போயிற்று.

என் கதைக்கு வருகிறேன். என் பணிக்காலத்தில் நான் செய்த மோசமான தவறு ஒரு டெண்டரில் நடந்தது. ஒரு மாவட்டத்துக்கு உணவு கொண்டுபோகும் லாரி ஒப்பந்தம். வழக்கமான ஒப்பந்ததாரரைவிடக் குறைந்த விலை கேட்ட வெளியூர்க்காரருக்குக் கொள்முதல் பிரிவு கொடுத்தது. பாதுகாப்பு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டவன் நான். வண்டிகள் நல்லவை, காப்பீடு இருந்தது, டயர்கள் புதியவை. லாரி யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை. முதல் நாளே, அதுவரை சாவடியே இல்லாத இடத்தில் ஒரு கயிறும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் முளைத்தன. பதினொரு நாள் லாரிகள் வெயிலில் நின்றன. கடைசியில் இரண்டு குலங்களின் எல்லையில் மூட்டைகளை இறக்கி, உள்ளூர் லாரிகளில் மாற்றி ஏற்றித்தான் கொண்டுபோனோம். அங்கே எத்தனையோ பேர் செய்யும் வழக்கமான ஏற்பாடு அது. என் சமையற்காரருக்குக்கூடத் தெரிந்திருந்தது. ஆள் சேர்ப்பும், வாடகை ஒப்பந்தமும், கொள்முதலும்தான் அங்கே பாதுகாப்பு வேலையின் பாதி. மணல் மூட்டையும் முள்கம்பியும் அதற்குப் பிறகு.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். “நான் இந்தியன், எனக்கு எந்தப் பக்கமும் இல்லை” என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் கடற்கரையிலிருந்து உள்ளே போகும் வணிகர் ஒவ்வொருவருக்கும் ‘அபான்’ என்றொரு காப்பாளர் இருப்பார். பயணியைத் தொட்டால் அபானின் குலத்தையே தொட்டதாகும். இன்று உங்கள் அபான், நீங்கள் குடியிருக்கும் வளாகத்தின் உரிமையாளர், அல்லது காவலாளிகளை அனுப்பும் ஒப்பந்ததாரர். நீங்கள் தேர்ந்தெடுக்காவிட்டாலும் ஊர் உங்களை அவருடைய ஆள் என்றுதான் கணக்கில் வைத்திருக்கும். அவர் யாரோடு பகையில் இருக்கிறார் என்று நிறுவனத்திடம் கேளுங்கள். அவர்கள் பதில் தெரியாமல் விழித்தால், வேறு வேலை தேடுங்கள்.

ஆனால் சக ஊழியரிடம் போய் நீ எந்தக் குலம் என்று கேட்காதீர்கள். ஊழியர் குலங்களை எக்ஸெல் தாளில் அட்டவணை போட்டு மின்னஞ்சலில் சுற்றவிட்ட ஒரு மேலாளரை நான் அறிவேன். அந்தத் தாள் வெளியே போனதும் அவரை ஒரே இரவில் விமானம் ஏற்ற வேண்டியிருந்தது. எல்லாக் காவலாளிகளும் ஒரே வட்டமாக இருந்தால், ஒருவரை வேலைநீக்கும் நாளில் வாசலில் நிற்க யாரும் இருக்க மாட்டார்கள். எல்லோரும் வெளியாட்களாக இருந்தால் தெருவே உங்களை வெறுக்கும். தெருவுக்குரியவர்கள் பாதி, மற்றவர்கள் பாதி என்பது நான் பட்டுக் கண்ட கணக்கு.

வண்டியில் ஏறுமுன், இன்று போகும் பாதையில் அவருடைய குலப் பெரியவர்கள் யாருடைய தொலைபேசி எண் அவரிடம் இருக்கிறது என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்று எண்களாவது வாங்கி ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாவடியில் கைபேசியைத்தான் முதலில் வாங்கிக்கொள்வார்கள்.